தேரைக் கருவில் ராத்கே பையைத் தேடுகிறவர்களுக்கு

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் மாடக்குளம், வண்டியூர், சாமநத்தம் என்று எந்தக் கண்மாய்க் கரையில் இறங்கினாலும் ஓரத்துக் கோரைப்புல்லைச் சுற்றி ஜெல்லிச் சரங்கள் கிடக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் கடுகைக் கோத்து வைத்தது போல இருந்தால் அது தேரை முட்டை. மதுரை வட்டாரத்தில் கருவியல் படிக்கிறவர்களுக்கு இதைவிட மலிவான, இதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. முட்டை பெரியது, வளர்ச்சி வேகமானது, ஒரே சரத்தில் நூற்றுக்கணக்கான கருக்கள் ஏறக்குறைய ஒரே வயதில் கிடைக்கும்.

இந்தக் கருவை வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் பலரும் தேடுவது ராத்கே பையைத்தான். வாயின் கூரையிலிருந்து ஒரு பை மேலே போகிறது, மூளையின் அடியிலிருந்து இன்ஃபண்டிபுலம் கீழே இறங்குகிறது, இரண்டும் சந்தித்து பிட்யூட்டரிச் சுரப்பி ஆகிறது என்று பாடநூலில் படித்திருப்போம். மார்ட்டின் ராத்கே அந்தப் பையை விவரித்தது 1838இல். கோழிக்கும் எலிக்கும் மனிதனுக்கும் அது சரி. தவளையிலும் தேரையிலும் அப்படி ஒரு பை இல்லை. அங்கே இருப்பது உள்ளே வெற்றிடமே இல்லாத திண்ணமான செல் பட்டை. முன்பக்கப் புறப்படையின், அதாவது கருவின் வெளிப்போர்வைத் திசுவின், உள்ளடுக்கிலிருந்து கிளம்பி, மூளையின் தரைக்கும் முன்குடலின் கூரைக்கும் நடுவில் பின்னோக்கி நீளும் ஒரு நாக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ரெக்கார்டு நோட்டில் தேரைக் கருவை வரைந்து அதற்குள் ஒரு காலிப் பையைக் காட்டினால், அது ஸ்லைடிலிருந்து வந்த படம் அல்ல.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிட்யூட்டரி இரண்டு வேறு திசுக்கள் சேர்ந்த சுரப்பி. புறப்படைப் பட்டையிலிருந்து வருவது அடினோஹைப்போஃபைசிஸ். அதில் மூன்று பகுதிகள்: தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச், அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச், வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் முதலியவற்றைச் சுரக்கும் பார்ஸ் டிஸ்டாலிஸ். நிறத்தைக் கட்டுப்படுத்தும் ஆல்பா எம்.எஸ்.எச்சைச் சுரக்கும் பார்ஸ் இன்டர்மீடியா. சின்னதாக ஒதுங்கி நிற்கும் பார்ஸ் டியூபராலிஸ். மூளையின் தரை கீழே பிதுங்கி வருவது இன்ஃபண்டிபுலம். அதிலிருந்து நியூரோஹைப்போஃபைசிஸ், அதாவது பார்ஸ் நெர்வோசாவும் மீடியன் எமினென்ஸும் உண்டாகின்றன.

இனி முக்கியமான விஷயம். அந்தப் பட்டை எங்கிருந்து வருகிறது? வால் மொட்டுப் பருவத்தில் பார்த்தால் அது வரப்போகும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் "வாயிலிருந்து வருகிறது" என்று எழுதிவிடுகிறோம். அதற்கு ஒரு நாள் முன்னால் போய்ப் பாருங்கள். நரம்பு மடிப்புகள் எழும்பிய கருவை மேலிருந்து பார்த்தால் அது அச்சு அசலாக ஒரு முறம். பக்கங்கள் இரண்டிலும் விளிம்பு, தலைப்பக்கம் குறுக்கே ஒரு விளிம்பு, வால்பக்கம் திறந்தது. முறத்தின் தரை நரம்புத் தட்டு. தலைப்பக்கக் குறுக்கு விளிம்புக்கு முன் நரம்பு விளிம்பு என்று பெயர். அதன் நடுப்பகுதிதான் பின்னால் அடினோஹைப்போஃபைசிஸ் ஆகிறது. அந்த நடுப்பகுதியை ஒட்டி, முறத்தின் தரையில் இருக்கும் செல்கள், பிட்யூட்டரியை ஆளும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸின் அடிப்பகுதியாகவும் இன்ஃபண்டிபுலமாகவும் ஆகின்றன. குறுக்கு விளிம்பில் நடுவை விட்டு இருபுறமும் விலகினால் மூக்குக்கான திசுவும் முன்மூளைக்கான திசுவும் வரும்.

ஸீனோபஸ் தவளையில் ஏ.சி.டி.எச் செல்கள் நரம்பு விளிம்பிலிருந்து வருவதை 1986இல் காட்டினார்கள். ஜப்பானியத் தேரையில் கவமூராவும் கிகுயாமாவும் 1992இல் ஒரு படி மேலே போய், ஹைப்போஃபைசிஸும் (பிட்யூட்டரி) ஹைபோதலாமஸும் தொடக்கத்திலிருந்தே ஒரே தொகுதி என்று சொன்னார்கள். எனக்கு இதுவே இந்தப் பாடத்தின் உயிர்நாடி. வாயிலிருந்து ஒன்றும் மூளையிலிருந்து ஒன்றும் வந்து தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதில்லை. முறத்தின் விளிம்பும் விளிம்பை ஒட்டிய தரையுமாக அடுத்தடுத்து இருந்தவை. தலை வளைந்து மடியும்போதும் தொடுகையை விடாமல் சேர்ந்தே கீழே இறங்குகின்றன.

மடிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்க விளிம்புகள் இரண்டும் நடுவில் சேர்ந்து நரம்புக் குழல் மூடும்போது, குறுக்கு விளிம்பு குழலின் முன்வாய்க்குக் கீழ் உதடாக நிற்கும். பிறகு மூளை முன்னோக்கி வளர்ந்து கீழ்நோக்கி வளையும். முதுகுப்பக்கம் இருந்த அந்த உதடு தலையின் முன்பக்கத்தைச் சுற்றிக் கீழே போய்விடும். புறப்படையின் வெளியடுக்கு மேலே போர்வை போல நின்றுவிட, உள்ளடுக்கின் செல்கள் மட்டும் பெருகி உள்நோக்கிப் பட்டையாக நீளும். அதன் நுனி மூளைத் தரையைத் தடவிக்கொண்டே பின்னால் போய் இன்ஃபண்டிபுலத்தின் அடியில் நிற்கும். இருக்கிற இடம் குறுகல். மேலே மூளை, கீழே குடல். தொடக்கத்தில் பட்டைக்கும் மூளைக்கும் நடுவே நடுப்படைத் திசு எதுவும் கிடையாது, செல்லோடு செல் உரசுகிறது. பொரிக்கும் காலத்தை ஒட்டிப் பட்டையின் காம்பு மெலிந்து அறுந்துபோகும். அதற்குப் பிறகு அது மூளையோடு மட்டும் ஒட்டிய ஒரு தட்டை முடிச்சு. வாய் பின்னால்தான் திறக்கும். அப்போது பிட்யூட்டரிக்கும் வாய்க்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

எலியில் இன்ஃபண்டிபுலம் அனுப்பும் பி.எம்.பி, எஃப்.ஜி.எஃப் சமிக்ஞைகள் இல்லாவிட்டால் ராத்கே பை நிலைக்காது என்று தெளிவாகத் தெரியும். தவளையிலும் பிட்எக்ஸ், லிம்3 போன்ற அதே குடும்ப மரபணுக்கள் இந்தப் பட்டையில் வேலை செய்கின்றன. ஆனால் எலியின் அட்டவணையை அப்படியே எடுத்துத் தேரைக்கு ஒட்டாதீர்கள். பருவங்களும் வடிவமும் வேறு.

முட்டையிலிருந்து ஸ்லைடு வரை

கருவை எடுக்கும் முன் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இடத்தைப் பொறுத்து வனத்துறை அனுமதியும் வேண்டும். தேவைக்கு ஒரு சாண் நீளச் சரம் போதும். முழுச் சரத்தையும் வாரிக்கொண்டு வர வேண்டியதில்லை. கண்மாய்த் தண்ணீரிலேயே கொண்டுவாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் அகலமான தொட்டியில் திறந்து வைத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். ஒரு லிட்டருக்கு 40, 50 கருவுக்கு மேல் வேண்டாம். கூட்டம் அதிகமானால் நடுவில் உள்ளவை மூச்சுமுட்டிச் சாகும். செத்தது வெண்மையாகிப் பூஞ்சை பிடிக்கும், அது பக்கத்துக் கருவுக்கும் பரவும். வெண்மையானவற்றை உடனுக்குடன் நறுக்கி எடுத்துவிடுங்கள்.

வயதை மணிக்கணக்கில் எழுதாதீர்கள். இரவில் இட்ட முட்டை நம் ஊர் வெப்பத்தில் மறுநாளே நரம்பு மடிப்புப் பருவத்துக்கு வந்துவிடலாம். குளிர்ந்த மழைநாளில் பின்தங்கும். 1960இல் கோஸ்னர் வகுத்த 46 பருவங்கள்தான் எல்லாத் தவளை, தேரைக்கும் பொது மொழி. ஸீனோபஸுக்கு மட்டும் நியூகூப், ஃபேபர் 1956இல் வெளியிட்ட தனி அட்டவணை இருக்கிறது. இரண்டின் எண்களும் ஒத்துவராது. ஒரு கட்டுரையில் "பருவம் 20" என்று இருந்தால் யாருடைய 20 என்று முதலில் பாருங்கள். கோஸ்னரில் அது செவுளில் ரத்தம் ஓடும், பொரிக்கும் பருவம். நியூகூப்–ஃபேபரில் நரம்புக் குழல் மூடி முடிகிற பருவம். இந்த ஒரு குழப்பத்தால் முழுப் புராஜெக்டும் தடம் மாறிப் போவது உண்டு.

பிட்யூட்டரிக்காக எடுக்க வேண்டிய கோஸ்னர் பருவங்கள்: 13, 14இல் நரம்புத் தட்டும் மடிப்பும், 16இல் குழல், 17, 18இல் வால் மொட்டும் முதல் தசை அசைவும், 20, கண்ணின் முன்படலம் தெளியும் 21, செவுள் மூடி முழுமையாகும் 25. இதில் 17, 18தான் பட்டையைக் காணச் சிறந்த சமயம். ஒவ்வொரு பருவத்துக்கும் குறைந்தது பத்துக் கரு வைத்துக்கொள்ளுங்கள். பாதி திசை தவறிப் போகும் என்று இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

நிலைப்படுத்துவதற்கு முன் ஜெல்லியையும் கருவைச் சுற்றிய சவ்வையும் நுண்முனை ஃபோர்செப்ஸால் உரித்துவிட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் இரண்டு கேடு. கரைசல் உள்ளே மெல்லத்தான் இறங்கும். அதைவிட மோசம், வால் மொட்டுக் கரு சவ்வுக்குள் சுருண்டு கிடக்கும். சுருண்டபடியே விறைத்துப்போனால் அதில் நடுக்கோட்டு நெடுவெட்டு என்று ஒன்று ஒருபோதும் கிடைக்காது. உரித்த பிறகு கால் மணி நேரம் தண்ணீரில் விட்டு நிமிரவிடுங்கள். பொரித்தவற்றுக்கு எம்.எஸ்.222 மயக்க மருந்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, சோடியம் பைகார்பனேட்டால் அமிலத்தைச் சரிசெய்து, அசைவு முழுதும் நின்று பத்து நிமிடம் ஆன பிறகே நிலைப்படுத்த வேண்டும்.

பௌயின்ஸ் கரைசல் இந்த வேலைக்குப் போதும்: நிறைவுற்ற பிக்ரிக் அமிலக் கரைசல் 75 மில்லி, ஃபார்மலின் 25 மில்லி, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மில்லி. பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கக் கூடியது. புட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், மூடியின் திருகில் தூள் படிய விடக்கூடாது. கருவின் கன அளவைப்போல 20 மடங்கு கரைசல் ஊற்றி, மாலையில் போட்டால் மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று இரண்டு மூன்று நாள் விட்டால் செல்களுக்குள் இருக்கும் கருவுணவு (மஞ்சள்கருப் பொருள்) கெட்டிப்பட்டு, வெட்டும்போது பொரிகடலை போல உதிரும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் மஞ்சள் போகும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். ஒரு சிட்டிகை லித்தியம் கார்பனேட் சேர்த்தால் சீக்கிரம் போகும்.

90 சதவீத ஆல்கஹால் அரை மணி, முழு ஆல்கஹால் இருமுறை 20 நிமிடம் வீதம். இந்த இடத்தில்தான் நம் பருவகாலம் காலை வாரும். தேரை முட்டை கிடைப்பது மழைக்காலத்தில். அந்த ஈரக் காற்றில் திறந்து வைத்த முழு ஆல்கஹால் தண்ணீரை உறிஞ்சிவிடும். கருவை ஸைலீனில் போட்டதும் பால் போலக் கலங்கினால் காரணம் இதுதான். ஆல்கஹால் புட்டியின் அடியில் வெள்ளையான நீரற்ற காப்பர் சல்பேட்டைத் துணியில் முடிந்து போட்டு வைத்தால், அது நீலமாகும்போது புட்டியை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். ஸைலீனில் 5 முதல் 10 நிமிடம் மட்டும். கண்ணாடி போலத் தெளிந்ததும் எடுத்துவிட வேண்டும். பொறுமை உள்ளவர்கள் மீதைல் பென்சோயேட்டில் ஒரு ராத்திரி வைக்கலாம், கருவுணவு அதில் உடையாமல் இருக்கும். கடைசியில் மெழுகு, மூன்று முறை, 20 நிமிடம் வீதம், உருகுநிலைக்கு இரண்டு டிகிரிக்கு மேல் போகாமல். சூடு கூடினால் மீண்டும் அதே பொரிகடலை.

மெழுகில் கருவின் தலை எது, வால் எது என்று எளிதில் தெரியாது. 90 சதவீத ஆல்கஹாலில் ஒரு சொட்டு ஈயோசின் விட்டால் கருவில் சாயம் ஏறி, பிளாக் போடும்போது திசை பார்த்துப் படுக்கவைக்க முடியும். சித்திரை, வைகாசியில் வெட்டுகிறவர்கள் 56 டிகிரி மெழுகை வாங்காதீர்கள். அறை வெப்பம் 38, 40க்குப் போகும் ஊரில் அது கத்தியில் ஒட்டிச் சுருங்கும். 60, 62 டிகிரி மெழுகு எடுத்து, பிளாக்கை ஐஸில் ஐந்து நிமிடம் வைத்து வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் ஐஸ் தண்ணீர் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்தால் கருவுணவு இளகி, அடுத்த நாலைந்து வெட்டுகள் உடையாமல் வரும்.

கனம் 6 முதல் 8 மைக்ரான். பட்டை நடுக்கோட்டில் மட்டும் உள்ள குறுகிய திசு. இருபுறமும் சேர்த்துச் சில வெட்டுகளில்தான் அது தெரியும். வெட்டுகள் தொடராக வரும் மெழுகு ரிப்பனில் ஒரு துண்டு தொலைந்தாலும் அதுவே நமக்கு வேண்டிய துண்டாக இருக்கும். எனவே வரிசை எண் போட்டு எல்லாவற்றையும் ஸ்லைடில் ஏற்றுங்கள், தேர்ந்தெடுப்பது பிறகு.

ஹாரிஸ் ஹீமடாக்ஸிலினும் ஈயோசினும் இளம் கருவுக்குப் போதும். ஹீமடாக்ஸிலினை நீலமாக்கும் கட்டத்தில் மட்டும் நம் போர்வெல் தண்ணீரின் உப்பும் காரமும் உதவிக்கு வருகின்றன. காய்ச்சி வடித்த தண்ணீரில் சிவப்பாகவே நிற்கும் ஸ்லைடு, கடின நீரில் சில நிமிடத்தில் நீலமாகிவிடும்.

சரியான வெட்டா என்பதை எப்படி அறிவது? ஒரே வெட்டில் நான்கும் இருக்க வேண்டும்: முதுகுநாணின் (கருவின் முதுகில் ஓடும் தாங்குகோல்) முன்நுனி, அதற்குச் சற்று முன்னே மூளைத் தரையின் இன்ஃபண்டிபுலப் பள்ளம், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்தின் தடிப்பு, கீழே முன்குடலின் கூரை. முதுகுநாணின் நுனி தெரியாவிட்டால் வெட்டு சாய்ந்துவிட்டது. அதில் தெரியும் செல் கூட்டத்தைப் பிட்யூட்டரி என்று எழுத வேண்டாம். பட்டையைக் குடலின் கூரையிலிருந்து பிரித்தறிய கருவுணவுத் துகளைப் பாருங்கள். புறப்படைச் செல்களில் துகள்கள் பொடி. குடலாகும் அகப்படைச் செல்களில் பெரிய பெரிய தட்டுகள். இந்த ஒரு அடையாளம் கைவந்துவிட்டால் அரை நிமிடத்தில் பட்டையைக் காட்ட முடியும். பலர் செய்யும் தவறு, முன்குடலின் குழியையே "ராத்கே பையின் குழி" என்று குறிப்பது. சுற்றி நிற்கும் செல்களின் துகள் பெரிதாக இருந்தால் அது குடல்தான்.

செல்கள் பேசத் தொடங்குவது

வடிவம் முடிந்த பிறகுதான் வேலை தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். பட்டை இன்னும் நாக்காக இருக்கும்போதே முதல் ஹார்மோன் செல்கள் தெரிய வரும். அவை பி.ஓ.எம்.சி என்ற பெரிய முன்னோடிப் புரதத்தைச் செய்பவை. அதே புரதம் பார்ஸ் டிஸ்டாலிஸில் ஏ.சி.டி.எச் ஆக வெட்டப்படுகிறது. பார்ஸ் இன்டர்மீடியாவில் இன்னும் பொடியாக வெட்டப்பட்டு 13 அமினோ அமிலம் கொண்ட ஆல்பா எம்.எஸ்.எச் ஆகிறது. ஆன்டிபாடி சாயம் போடுகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஏ.சி.டி.எச்சின் முதல் 13 அமினோ அமிலங்களே ஆல்பா எம்.எஸ்.எச்சின் வரிசை. அதனால் ஏ.சி.டி.எச்சின் முன்பகுதியை அறியும் ஆன்டிபாடி இரண்டு இடத்தையும் நிறமேற்றலாம். இடத்தையும் பார்த்து, எம்.எஸ்.எச்சுக்குத் தனி ஆன்டிபாடியும் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். டி.எஸ்.எச், வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், இனப்பெருக்க ஹார்மோன் செல்கள் எல்லாம் இதற்குப் பிந்தியே ஒவ்வொன்றாக வருகின்றன.

ஆல்பா எம்.எஸ்.எச் வேலை செய்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கலாம். தோலின் கருநிறச் செல்களில் மெலனின் பரவினால் தலைப்பிரட்டை கறுக்கும், நடுவில் ஒடுங்கினால் வெளுக்கும். ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம், ஒரே வெளிச்சம், இரண்டு மணி நேரம். கோஸ்னர் 25க்குப் பிந்திய தலைப்பிரட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேரைக் குஞ்சு இதற்கு ஆகாது. அது பிறவிக் கறுப்பு, மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது. கண்மாய் ஓரத்தில் தண்ணீர்மேல் தத்திப் போகுமே சின்னத் தவளை, யூஃபிளிக்டிஸ், அதன் தலைப்பிரட்டை நல்லது. சோதனையைப் பகலில் செய்யுங்கள். இருட்டில் பீனியல் சுரப்பியின் மெலடோனினால் தலைப்பிரட்டை தானாகவே வெளுக்கும். அதைப் பார்த்து "பிட்யூட்டரி வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடக் கூடாது.

இந்த வெளிறல்தான் 1916இல் ஒரு பெரிய கதவைத் திறந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்மித்தும் பென்னட் ஆலனும் தனித்தனியாக, தவளைக் கருவின் வால் மொட்டுப் பருவத்தில் இந்தப் பட்டையை மட்டும் எடுத்துவிட்டார்கள். சுமார் 4 மில்லிமீட்டர் நீளக் கரு. பட்டை இன்னும் மூளைக்குள் சிக்கிக்கொள்ளாமல் தோலுக்கு அருகே இருக்கும் சமயம். இளம் கருவின் காயம் சீக்கிரமே ஆறிவிடும். ஒரு நாள் முந்தினால் விளிம்போடு மூக்குத் திசுவும் போகும். ஒரு நாள் பிந்தினால் பட்டை மூளையோடு ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்கும்போது மூளையும் கிழியும். பட்டை எங்கே, எப்போது, எவ்வளவு நீளம் என்ற கருவியல் அறிவு இல்லாமல் அந்த அறுவை நடந்திருக்க முடியாது.

பட்டை போன தலைப்பிரட்டைகள் உயிரோடு இருந்தன, தின்றன, மெதுவாக வளர்ந்தன. வெள்ளி போல மின்னின. பின்னங்கால் மொட்டாகவே நின்றது, உருமாற்றம் வரவில்லை. உள்ளே தைராய்டு சுருங்கிப்போயிருந்தது, அட்ரீனலின் புறணியும் மெலிந்திருந்தது. ஒரு சின்னப் பட்டையை எடுத்ததில் நிறம், தைராய்டு, அட்ரீனல், வளர்ச்சி நான்கும் ஒன்றாகச் சரிந்தன. பிட்யூட்டரி மற்றச் சுரப்பிகளை ஆள்கிறது என்பதை முதன்முதல் இத்தனை தெளிவாகச் சொன்னவை இந்த வெள்ளித் தலைப்பிரட்டைகள். ஸ்மித் பின்னால் எலியில் பிட்யூட்டரியை நீக்கி 1930இல் எழுதிய புகழ்பெற்ற வேலை இதன் தொடர்ச்சி.

ஆலன் தைராய்டை மட்டும் எடுத்தும் பார்த்தார். அவையும் உருமாறவில்லை, ஆனால் நிறம் கெடவில்லை. இந்த ஒப்பீட்டை மாணவர்கள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டியில் ஒரு தலைப்பிரட்டை உருமாறாமல் பெருத்துக்கொண்டே போனால், நிறத்தைப் பாருங்கள். நிறம் சரியாக இருந்தால் கோளாறு தைராய்டு பக்கம், அல்லது தண்ணீரில் தைராய்டைத் தடுக்கும் தயோயூரியா போன்ற ஏதோ இருக்கிறது. வெளுத்திருந்தால்தான் பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கச் சோதனையை வில்லியம் எட்கின் செய்தார். பட்டையை எடுத்து எறியாமல், மூளையிலிருந்து விலக்கி வேறு இடத்தில் நட்டார். அந்தத் தலைப்பிரட்டைகள் வெளுக்கவில்லை. கறுத்தன, வெள்ளைத் தரையில் விட்டாலும் கறுப்பாகவே நின்றன. உருமாற்றமோ தடைபட்டுத் தாமதித்தது. ஆக, பார்ஸ் இன்டர்மீடியாவை ஹைபோதலாமஸ் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது; தொடுகை போனால் கடிவாளம் போகும். பார்ஸ் டிஸ்டாலிஸுக்கோ ஹைபோதலாமஸின் தூண்டுதல் வேண்டும். தொடுகை போனால் சோம்பிப்போகும். ஒரே பட்டையின் இரண்டு பகுதிகளுக்கும் மூளையோடு இரண்டு விதமான உறவு. ஸீனோபஸில் அந்தக் கடிவாள நரம்புகள் டோபமைன், காபா, நியூரோபெப்டைடு ஒய் மூன்றையும் வைத்திருப்பது பின்னால் தெரிந்தது.

பொரித்த பிறகு

இளம் தலைப்பிரட்டையில் பிட்யூட்டரி ஒரு தட்டை முடிச்சு. இன்ஃபண்டிபுலத்தோடு ஒட்டிய மேல் பகுதி பார்ஸ் இன்டர்மீடியாவாகவும், கீழும் பின்னுமாகத் தொங்கும் பகுதி பார்ஸ் டிஸ்டாலிஸாகவும் பிரியும். தவளையின் மூளையை அடியிலிருந்து பார்க்கும்போது பார்ஸ் டிஸ்டாலிஸ் கடைசியில், வால்பக்கம் இருப்பதற்கு அந்தப் பட்டை நுனி பின்னோக்கி வளர்ந்ததே காரணம். மனிதப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு முன்பக்கம் தேடினால் கிடைக்காது. பார்ஸ் டியூபராலிஸ் இரண்டு சின்னத் தகடுகளாகப் பிரிந்து முன்னால் மூளைத் தரையில் தனியே ஒட்டிக்கொள்ளும். வெட்டில் அதைத் தவறவிடுவது சகஜம்.

பார்ஸ் நெர்வோசாவுக்கு ஹைபோதலாமஸின் ப்ரீஆப்டிக் பகுதியிலிருந்து நரம்பிழைகள் வந்து சேரும். அவை கொண்டுவருவது வாசோடோசினும் மீசோடோசினும். அமிலப் பெர்மாங்கனேட்டில் ஆக்ஸிகரித்து ஆல்டிஹைடு ஃபுக்சின் போட்டால் இந்தச் சுரப்புப் பொருள் ஊதாவாகத் தெரியும். டி.எஸ்.எச் செல்களும் அதே சாயத்தை எடுக்கும், பி.ஏ.எஸ் சாயத்திலும் அவை மெஜந்தாவாக வரும். வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் செல்கள் ஆரஞ்சு ஜி எடுக்கும்.

கடைசியாக முதிர்வது மீடியன் எமினென்ஸ். மூளையின் தூண்டுதல்களைச் சிறு ரத்தநாளங்கள் வழியாக பார்ஸ் டிஸ்டாலிஸுக்கு அனுப்பும் வாசல் அது. விரல்கள் பிரியும் கோஸ்னர் 31 முதல் 40 வரை அது தடித்து, நாளங்கள் நெருங்கி வரும். முன்கால் வெளிவரும் 42இல் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எட்கின் வரைந்த சுழற்சியும் இதுதான்: தைராய்டு ஹார்மோன் ஹைபோதலாமஸை முதிரவைக்கும், முதிர்ந்த ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி வழியாகத் தைராய்டை இன்னும் தூண்டும்.

பாலூட்டிகளில் டி.எஸ்.எச்சைத் தூண்டுவது டி.ஆர்.எச் என்ற ஹைபோதலாமஸ் ஹார்மோன். தலைப்பிரட்டையில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது சி.ஆர்.எச், அதாவது நெருக்கடிக் காலத்தில் ஏ.சி.டி.எச்சையும் தூண்டும் அதே பொருள். இதன் பயனை நம் ஊர் ஆள் எளிதில் உணர முடியும். ஊருணியிலும் வயல் பள்ளத்திலும் மழை தந்த தண்ணீர் வற்றிக்கொண்டே வருகிறது. உள்ளே இருப்பவை கால் முளைத்து வெளியேற வேண்டும். வற்றும் தண்ணீரில் சி.ஆர்.எச் உயர, ஒரே தூண்டுதலில் தைராய்டு ஹார்மோனும் கார்ட்டிகோஸ்டிராய்டும் ஏறுகின்றன. கார்ட்டிகோஸ்டிராய்டு தனியாக உருமாற்றாது; தைராய்டு ஹார்மோனின் வேகத்தைக் கூட்டும். அமெரிக்கப் பாலைவனத்து ஸ்பேட்ஃபுட் தேரைகளில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். தொட்டியில் நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள், நீர் குறையும்போது கூட்டமும் கழிவும் வெப்பமும் ஒன்றாகக் கூடுவதை மறக்கக் கூடாது. அதே எண்ணிக்கை, அதே வெப்பம், தினமும் மாற்றிய தண்ணீர் கொண்ட ஒப்பீட்டுத் தொட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் கால் சீக்கிரம் முளைத்ததற்கு எது காரணம் என்று சொல்லவே முடியாது.

25க்குப் பிந்திய பருவங்கள் வேண்டுமானால் வளர்ப்பு முறை எளிது. கீரையை வேகவைத்துக் கசக்கி, அரை மணியில் தின்று தீரும் அளவு மட்டும் போடுங்கள். மிஞ்சியதை அன்றே எடுத்துவிட வேண்டும், அழுகினால் ஒரே ராத்திரியில் தொட்டி காலி. ஒரு லிட்டருக்கு ஐந்து தலைப்பிரட்டை போதும். முன்கால் வந்ததும் தண்ணீரைக் குறைத்து, சாய்வாக ஒரு ஓட்டுத்துண்டு வையுங்கள். அந்தக் கட்டத்தில் செவுள் போய்விடும், ஏற இடம் இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். மெழுகில் போகாமல் மிஞ்சியவற்றை எடுத்த கண்மாயிலேயே, எடுத்த அதே கரையில் விடுங்கள். வேறு ஊர்த் தவளைகளோடு ஒரே தொட்டியில் இருந்தவையானால், நோயைக் கொண்டுபோகும் என்பதால் வெளியே விடவே கூடாது.